உஷார்! கோழி எருவோடு வயலில் இறங்கும் மருந்து

கோழிக்கு மருந்து கொடுத்தால் சில நாள் பொறுத்துத்தான் கறிக்கு அனுப்ப வேண்டும். பண்ணை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விதி இது. மருந்தை நிறுத்தி, உடம்பிலிருந்து அது வடிந்த பிறகே கோழி லாரி ஏற வேண்டும். சாப்பிடுகிறவரின் தட்டுக்கு மருந்து வந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. நல்ல விதிதான். ஆனால் அந்தச் சில நாளில் கோழியின் உடம்பிலிருந்து வடிந்த மருந்து எங்கே போயிற்று?

எருவுக்குப் போயிற்று. முட்டைக்கோழி என்றால் கூண்டுக்கு அடியில் குவியும் எச்சத்தில். கறிக்கோழி என்றால் கொட்டகைத் தரையில் பரப்பிய தென்னை நார்த்தூளிலும் நெல் உமியிலும். கறியைச் சுத்தமாக்கிய அதே நாட்கள்தான் எருவை மருந்தாக்குகின்றன. கறிக்குக் காத்திருப்புக் காலம் உண்டு; எருவுக்குக் கிடையாது. ஒரு கும்பல் கோழி வெளியேறியதும் கொட்டகையைச் சுரண்டி, டிராக்டரில் ஏற்றி, மரவள்ளிக்கோ மஞ்சளுக்கோ தென்னைக்கோ கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறார்கள். நாமக்கல், பல்லடம் பக்கம் இது அன்றாடக் காட்சி.

கோழிக்கோ மாட்டுக்கோ கொடுக்கிற ஆன்டிபயாட்டிக்கில் பெரும்பகுதி உடம்பில் கரைந்து காணாமல் போய்விடும் என்று நினைத்தால் அது தப்பு. மருந்தைப் பொறுத்து 30 முதல் 90 சதவீதம் வரை, வீரியம் கெடாமலே எச்சத்திலும் சிறுநீரிலும் வெளியே வந்துவிடுகிறது. சில மருந்துகள் வேறு உருவத்தில் வருகின்றன. கோழிக்கு சளி, கழிச்சல் என்றால் தண்ணீரில் கலந்து கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின், உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. ஆமாம், நாம் மெடிக்கலில் வாங்கும் அதே சிப்ரோ. கோழிக்குக் கொடுத்தது மனிதருக்கான மருந்தாகி எருவில் விழுகிறது. கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதை அமெரிக்கா 2005லேயே தடை செய்துவிட்டது.

மண்ணில் விழுந்த பிறகு எல்லா மருந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பென்சிலின் குடும்பத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஈரம் பட்டால் அதன் மூலக்கூறு சீக்கிரம் உடைந்துவிடும். டெட்ராசைக்ளின் குடும்பம் அப்படியல்ல. களிமண் துகளோடும் மக்கோடும் போய் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் இருக்கும் கால்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாம் அதற்கும் களிக்கும் நடுவில் பாலம் கட்டிக் கொடுக்கின்றன. கரிசல் மாதிரி களி கனத்த மண்ணில் அது மழைக்குக்கூட அசையாது. சிப்ரோ வகையறாவும் இப்படித்தான் ஒட்டும்; இன்னும் கெட்டி. வெயில் பட்டால் இவை இரண்டுமே சிதையக் கூடியவை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எருவைக் கொட்டிய கையோடு உழுது மண்ணுக்குள் மறைத்துவிடுகிறோம். மண்ணுக்கு அது நல்லதுதான், தழைச்சத்து காற்றில் போகாது. மருந்துக்கும் அதுவே நல்லதாகிவிடுகிறது.

ஜெர்மனியில் வருஷா வருஷம் பன்றிச் சாணக் கரைசல் பாய்ச்சிய ஒரு வயலைத் தோண்டிப் பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. மேல் 10 சென்டிமீட்டரைவிட, அதற்குக் கீழே 10 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்கில்தான் டெட்ராசைக்ளின் அதிகம் கிடந்தது: கிலோ மண்ணுக்குச் சுமார் 200 மைக்ரோகிராம். பயிரின் வேர் உலவுகிற இடம் அது.

சல்ஃபா மருந்துகளின் குணம் நேர் எதிர். அவை மண்ணோடு ஒட்டுவதில்லை. மழையோ பாசனமோ வந்தால் தண்ணீரோடு கிளம்பிவிடும். வாய்க்காலுக்குப் போகும், கீழே இறங்கிக் கிணற்றுக்கும் போகும். சுண்ணாம்பு கலந்த உவர் மண்ணில் இவற்றின் ஓட்டம் இன்னும் அதிகம். செம்மண், மணல் பாங்கான இடம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆக கரிசல்காரருக்கு ஒரு பிரச்சினை, செம்மண்காரருக்கு வேறொரு பிரச்சினை. 'எங்க மண்ணு எல்லாத்தையும் தின்னுடும்' என்று யாராவது சொன்னால் எந்த மருந்தை, எந்த மண் என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, களியில் ஒட்டிக்கொண்டது முடங்கிப் போனது போலத்தானே என்று தோன்றும். நிபுணர்கள்கூட முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2005இல் சோதித்தபோது, மண்ணோடு ஒட்டிய டெட்ராசைக்ளினும், டைலோசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் அந்த நிலையிலும் பாக்டீரியாவை ஒடுக்கின. வீரியம் குறைந்திருந்தது, போய்விடவில்லை.

வீரியம் குறைந்த மருந்து என்றால் ஆபத்தும் குறைவு என்று நினைப்போம். அதுதான் பெரிய ஏமாற்று. பாக்டீரியாவை ஒரேயடியாகக் கொல்லும் அளவுக்கு மருந்து இருந்தால் அது சாகும், கதை முடிந்தது. கொல்லாத அளவுக்கு, வருடக்கணக்கில், சொட்டுச் சொட்டாக மருந்து பட்டுக்கொண்டே இருந்தால்? சாதாரண பாக்டீரியா மெல்லப் பின்வாங்கும். தாக்குப்பிடிக்கும் வகை மெல்லப் பெருகும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2011இல் இதை ஆய்வகத்தில் அளந்து காட்டினார்கள். பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான அளவில் சில மருந்துகளில் நூற்றில் ஒரு பங்கு, ஏன், அதைவிடவும் குறைந்த அளவே, எதிர்ப்புத் திறன் கொண்டதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கப் போதுமாயிருந்தது.

எதிர்ப்புத் திறன் மண்ணுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலேயே அதற்கான மரபணுக்கள் இருந்ததை 2011இல் கண்டார்கள். நாம் உபயோகிக்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் பல மண்ணின் நுண்ணுயிர்கள் தங்களுக்குள் சண்டையிட உண்டாக்கியவை; ஆயுதம் இருந்தால் கேடயமும் இருக்கும். புதிதாக வந்திருப்பது அளவு. நெதர்லாந்தில் 1940இலிருந்து பத்திரப்படுத்தி வைத்திருந்த மண் மாதிரிகளை எடுத்து, 2008 வரைக்குமான மாற்றத்தை ஒப்பிட்டார்கள். பல எதிர்ப்பு மரபணுக்கள் ஏறிக்கொண்டே வந்திருந்தன. டெட்ராசைக்ளினுக்கு எதிரான சில மரபணுக்கள் 1970களில் இருந்ததைப்போல் 15 மடங்குக்கும் மேல். அதுவும் எங்கே? கால்நடை மருந்துக்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்த ஐரோப்பாவில்.

இந்தக் கதையில் நம் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் வருகிறார். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். அவர் அமெரிக்காவில் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுத் தலைவராக இருந்தபோதுதான், பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் மிசௌரியின் ஒரு வயல் மண்ணிலிருந்து ஆரியோமைசினைக் கண்டெடுத்தார். 1948இல் அது மருந்தாக வந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. சுப்பாராவ் அதே ஆண்டில் காலமானார். இரண்டே வருடத்தில், 1950இல், அதே நிறுவனத்தில் வேறொன்றை அறிவித்தார்கள்: ஆரியோமைசின் எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்தால் கோழிக்குஞ்சுகள் மளமளவென்று எடை போடுகின்றன! நோயே இல்லாத கோழிக்கு மருந்து கொடுக்கும் வியாபாரம் அங்கே பிறந்தது. அந்த மருந்தைத்தான், அதாவது குளோர்டெட்ராசைக்ளினை, இன்று தீவனக்காரர்கள் சி.டி.சி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். ஸ்வீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதலும் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை நிறுத்திவிட்டன. இங்கே நாம் இன்னும் ஒவ்வொரு மருந்தாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்படிப் பேசி முடித்த மருந்து ஒன்று உண்டு. கோலிஸ்டின். தீவிர சிகிச்சைப் பிரிவில் எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்கு மருத்துவர் கடைசியாகக் கையில் எடுப்பது. அதையும் கோழிக்கும் பன்றிக்கும் கொடுத்துவந்தோம். சீனாவில் 2015 நவம்பரில் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தபோதுதான் உலகம் திடுக்கிட்டது. கோலிஸ்டினைச் செல்லாக்காசாக்கும் இந்த மரபணு, பாக்டீரியாவின் உள்ளே பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த வளையத்தை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அப்படியே கைமாற்றிவிடும். பிள்ளை பெற்றுப் பரம்பரையாகக் கடத்த வேண்டிய அவசியமில்லை. பக்கத்தில் இருந்தால் போதும். அந்த மரபணுவைப் பன்றியில், இறைச்சியில், நோயாளியில் என மூன்று இடத்திலும் பார்த்தார்கள். இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது.

அதே 2019இல் சென்னையின் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் குழுவினர் நகரத்தில் வாங்கிய உணவுப்பொருள் மாதிரிகளைப் பரிசோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதி மாதிரிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியா இருந்தது. கறியில் இருந்தால் ஆச்சரியமில்லை. காய்கறியும் பழமும் அந்த ஆய்வில் இருந்தன என்பதைத்தான் நான் அடிக்கோடிடுகிறேன். வெண்டைக்காய்க்கோ கொய்யாவுக்கோ யாரும் கோலிஸ்டின் ஊசி போடுவதில்லை. எரு, தண்ணீர், கை இவற்றில் ஏதோ ஒரு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

எருவின் பங்கு வெறும் ஊகமில்லை. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2017இல் வட மாநிலங்கள் நான்கில் 12 கோழிப் பண்ணைகளின் எச்சத்தையும், பக்கத்து வயல் மண்ணையும் எடுத்துச் சோதித்தது. எச்சத்தில் இருந்த ஈ.கோலை பாக்டீரியா எந்தெந்த மருந்துக்கு அடங்கவில்லையோ, வெளியே வயலில் இருந்த ஈ.கோலையும் ஏறக்குறைய அதே மருந்துகளுக்கு அடங்கவில்லை. பண்ணையின் வேலி கோழிக்குத்தான், பாக்டீரியாவுக்கு இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே வாட்ஸ்அப்பில் 'கீரையில் விஷம்' என்று கிளம்பிவிடும். பயிர்கள் மண்ணிலிருந்து இந்த மருந்தை உறிஞ்சுகின்றன என்பது உண்மை. வெங்காயத்தாள், முட்டைக்கோஸ், மக்காச்சோளம் மூன்றும் குளோர்டெட்ராசைக்ளினை உறிஞ்சியதை மினசோட்டாவில்தான் காட்டினார்கள். உருளையும் லெட்டூஸும் சல்ஃபாவை இழுத்தன. ஆனால் அளவு மிகமிகச் சொற்பம். ஒரு கட்டுக் கீரையில் இருக்கும் மருந்தால் யாருக்கும் உடனடியாக ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது மருந்துக்கல்ல. அந்த மண்ணில் பழகி, அடங்க மறுக்கும் பாக்டீரியா கீரையின் தண்டிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு சமையலறைக்கு வருவதற்கு. வதக்கிக் கொதிக்க வைத்தால் அது செத்துவிடும். பச்சையாக அரைக்கும் கொத்தமல்லி, புதினா சட்னி, வெள்ளரி, கேரட், பச்சை வெங்காயம் இவைதான் வழி. அப்படி வந்து குடலில் தங்கிய பாக்டீரியா, நமக்கு எப்போதாவது சிறுநீர்த் தொற்று வரும்போது வேலையைக் காட்டும். மருத்துவர் எழுதிய மாத்திரை கேட்காது. 2019இல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத தொற்றால் நேரடியாக இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் வந்த கணக்கு.

கோழிக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் உரக்கடைக்காரர் எடுத்து நீட்டும் சின்னப் பொட்டலம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்ட்ரெப்டோசைக்ளின். பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஒரு பங்கு டெட்ராசைக்ளின். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு முதன்முதலில் கிடைத்த மருந்து. அதை டேங்கில் கரைத்து வயல் முழுக்கத் தெளிக்கிறோம். இலையில் ஒட்டியது போக மிச்சம் நேரே சேற்றில். இவை இரண்டையும் விவசாயத்தில் தடை செய்ய மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இதே இலைக்கருகலுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே வேறு வழியும் இருக்கிறது: 20 சத பசுஞ்சாணக் கரைசலை நோய் தென்பட்டதும் ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை தெளிப்பது. யூரியாவை அள்ளிக் கொட்டாமல் பிரித்துப் போட்டாலே நோய் குறையும். கரைக்கிற சாணம் மடிநோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் மாட்டின் சாணமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பெரிய கைகளும் உண்டு. ஹைதராபாத் அருகே படான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரை ஸ்வீடன் விஞ்ஞானி யோக்கிம் லார்சன் குழு அளந்து 2007இல் வெளியிட்டது. 'சுத்திகரித்த' தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோ! மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். ஒரு நாளைக்கு வெளியேறியது சுமார் 45 கிலோ. ஸ்வீடன் தேசமே ஐந்து நாளில் சாப்பிடும் அளவு. இதற்குப் பிறகும் என்ன நடந்தது? ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக்குக்கு வரம்பு வைக்கும் வரைவை 2020 ஜனவரியில் மத்திய அரசு கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்த வரம்புகள் காணோம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, கோபம்தான்.

பாலுக்கு, தேனுக்கு, கறிக்கு, முட்டைக்கு மருந்து எச்ச வரம்பு இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பட்டியலை இன்னும் இறுக்கி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எருவுக்கு? உரக் கட்டுப்பாட்டு ஆணை இயற்கை உரத்தில் ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் எவ்வளவு இருக்கலாம் என்று சொல்கிறது. ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. மாடித்தோட்டத்துக்கு 'நூறு சதம் இயற்கை' என்று அச்சிட்ட பையில் கோழி உரம் வாங்குகிறீர்களே, அதற்குள் என்ன மருந்து இருக்கிறது என்று சோதிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அப்படியானால் எருவே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த எருவைத் தூக்கி எறிந்துவிட்டு மூட்டை உரத்துக்கு ஓடுவது மண்ணுக்கு வேறொரு கேடு. மக்கவைக்க வேண்டும், அதைத்தான் நம் பெரியவர்களும் செய்தார்கள். 'கோழி எரு சூடு, பச்சையாப் போட்டா பயிர் கருகிடும்' என்று ஆறப்போட்டார்கள். அவர்கள் பார்த்தது அம்மோனியாவின் சூட்டை. அந்தப் பழக்கம் மருந்துக்கும் ஓரளவு பதில் சொல்கிறது. வான்கோழி எருவைச் சரியாக மக்கவைத்துப் பார்த்தபோது குளோர்டெட்ராசைக்ளின் 99 சதத்துக்கு மேல் அழிந்தது. டைலோசின் பாதிக்குமேல் அழிந்தது. சல்ஃபா மட்டும் அசையவே இல்லை. ஆக மக்குதல் பெரிய உதவி, முழு மருந்தல்ல. சல்ஃபா கொடுத்த கொட்டகையின் எரு என்று தெரிந்தால் வாய்க்கால் ஓரத்திலும் கிணற்றடியிலும் அதைக் கொட்டவே வேண்டாம்.

குவியலைத் தொட்டால் கை சுட வேண்டும். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறிச் சில நாளாவது நிற்க வேண்டும். வெறும் கோழி எச்சத்தில் தழைச்சத்து அதிகம், கரிமம் குறைவு. தென்னை நார்க்கழிவு கலந்தால் விகிதம் சரியாகும், வேளாண் பல்கலைக்கழகமும் அதைத்தான் சொல்கிறது. ஈரம் வேண்டும், கொழகொழப்பு கூடாது. வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டிப் போட வேண்டும். ஆறு மாதம் வரப்பு ஓரத்தில் காய்ந்து கிடந்த எரு மக்கிய எரு ஆகாது, காய்ந்த எருதான். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதி, மண்ணைத் தொட்டு விளையும் பயிருக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி கேட்கிறது. நமக்கு விதி இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆடிப்பட்டத்துக்கு எரு இறக்கப் போகிறவர்கள் சித்திரையிலேயே இறக்கி மக்கவிடுங்கள். லோடு பேசும்போது விலையோடு சேர்த்து, கடைசியாகக் கோழிக்கு என்ன மருந்து போனது, எப்போது போனது என்று கேளுங்கள். பண்ணைக்காரரிடம் குறிப்பேடு இருக்கும். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். கீரை, வெங்காயம், முள்ளங்கி, கேரட், கொத்தமல்லிப் பாத்தியில் பச்சைக் கோழி எருவை இந்தப் பட்டத்திலிருந்தே நிறுத்திவிடுங்கள்.